கார்ஷிங் வகுப்புகளும் கீம்சே பனியும்

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு இரண்டு பருவங்களாகப் பிரிகிறது. குளிர்காலப் பருவம் ஏட்டளவில் அக்டோபர் 1ஆம் தேதி பிறந்துவிடும். விரிவுரைகள் மாதத்தின் நடுவில்தான் ஆரம்பமாகும். பிப்ரவரி தொடக்கத்தில் அவை முடிந்ததும் தேர்வுகள் வரும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023-24 குளிர்காலப் பருவத்தின் விரிவுரைகள் அக்டோபர் 16 அன்று தொடங்கின. சென்னையில் இயந்திரப் பொறியியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் அந்த ஒரு பருவத்தை அங்கே படித்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தை 1868இல் பாலிடெக்னிக் பள்ளியாக நிறுவியவர் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக். மலைமேல் கோட்டை கட்டிய மன்னராக மட்டுமே சுற்றுலாக் கையேடுகள் அவரைக் காட்டுகின்றன. அவர் ஆட்சியில் பொறியியல் கல்விக்குப் போடப்பட்ட அடித்தளம் அந்தக் கோட்டையைவிடப் பெரிய கட்டுமானம். குளிர்பதன இயந்திரத் துறையின் முன்னோடியான கார்ல் ஃபான் லிண்டே தொடக்க ஆண்டுகளிலேயே அங்கே ஆசிரியராக இருந்தார். அவரிடம் வெப்ப இயக்கவியல் கேட்டவர் ருடால்ஃப் டீசல். நீராவி எந்திரத்தில் எரிபொருளின் வெப்பத்தில் மிகச் சிறு பங்குதான் வேலையாக மாறுகிறது என்று அந்த வகுப்பில் கேட்ட செய்தி, பின்னாளில் தன் பெயரைத் தாங்கிய எஞ்சினை நோக்கி அவரைச் செலுத்தியது. வெப்பப் பரிமாற்றத்தைத் தன் பாடமாக எடுத்துக்கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

பழைய வளாகம் நகரின் நடுவில் இருக்கிறது. இயந்திரப் பொறியியல், இயற்பியல், கணிதம், கணினியியல் ஆகியவை நகருக்கு வடக்கே கார்ஷிங்கில் இயங்குகின்றன. ஜெர்மனியின் முதல் ஆய்வு அணு உலை 1957இல் இங்கேதான் செயல்படத் தொடங்கியது. அதன் முட்டை வடிவக் கூண்டை ஊர் தன் சின்னத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. 2006இலிருந்து யூ6 ரயில் வளாகத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. மாணவிக்குத் தங்க இடம் கிடைத்தது ஒலிம்பிக் கிராமத்தில். 1972 ஒலிம்பிக் போட்டியின்போது வீராங்கனைகள் தங்கிய பகுதி அது. சிறு சிறு வீடுகள் வரிசையாக நெருங்கி நிற்கும், சுவர்களில் குடியிருக்கும் மாணவர்களே படம் தீட்டியிருப்பார்கள். அங்கிருந்து யூ3 ஏறி, வழியில் யூ6க்கு மாறி, கார்ஷிங் போய்ச் சேரவேண்டும். ரயிலிலேயே பாடக்குறிப்பைப் புரட்டிவிடலாம்.

வகுப்பு என்று தமிழ்நாட்டில் சொல்வது அங்கே மூன்று வேறு வேறு கூடல்கள். முதலாவது விரிவுரை: பேராசிரியர் சரிவான பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் சொல்வார். இரண்டாவது, அதே பாடத்தின் கணக்குகளை உதவியாசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டும் பயிற்சி வகுப்பு. மூன்றாவது, மூத்த மாணவர் ஒருவர் சிறு குழுவுடன் அமர்ந்து சந்தேகம் தீர்க்கும் கூடல். எல்லாப் பாடத்துக்கும் இது இருப்பதில்லை. விரிவுரைக்குப் பத்து மணி என்று போட்டு, பக்கத்தில் சி.டி. என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் பத்தேகாலுக்குத்தான் பேராசிரியர் வாய் திறப்பார். எஸ்.டி. என்றிருந்தால் பத்து என்றால் பத்துதான். விரிவுரை முடிந்ததும் யாரும் கைதட்டுவதில்லை. எல்லாரும் விரல்முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான மேசைகள் ஒன்றாக அதிர்வது, முதல் நாளில் புதிதாக வந்தவரைத் திடுக்கிட வைக்கும்.

வருகைப்பதிவு கிடையாது. எழுபத்தைந்து சதவீதம் குறைந்தால் தேர்வெழுத முடியாது என்ற கவலையோடு படித்து வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் அது விடுதலையாகத் தெரிந்தது. பிறகு அதுவே பாரமானது. மாதத் தேர்வு இல்லை, உள்மதிப்பீடு இல்லை. வாரந்தோறும் வரும் பயிற்சித் தாளைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்க யாரும் இல்லை. பெரும்பாலான பாடங்களில் பருவ முடிவில் நடக்கும் தொண்ணூறு நிமிட எழுத்துத் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியப் பாடப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. ஐந்து புள்ளிப் பாடம் என்றால் 150 மணி நேரம். அதில் அரங்கில் உட்கார்ந்திருப்பது மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மீதி நூறு மணி நேரத்தை எங்கே, யாருடன், எப்படிச் செலவிடுவது என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த முறைமேல் குறைசொல்ல அதிகமில்லை. பதினெட்டு வயது கடந்தவரைப் பெரியவராகவே நடத்துவது மதிப்புக்குரியது. ஆனால் அது ஓர் எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது: மாணவருக்கு உடன் படிக்கும் நான்கு பேர் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. உள்ளூர் மாணவர்கள் இளநிலையிலிருந்தே சேர்ந்து படித்துப் பழகிய குழுக்களாக வருகிறார்கள். விரிவுரை முடிந்ததும் குழுவாக எழுந்து குழுவாகவே உணவகத்துக்குப் போகிறார்கள். ஒரே பருவத்துக்கு வருபவருக்கு அந்த நான்கு பேர் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது அரங்கில் வழக்கமும் இல்லை. நவம்பர் முடியும்போது சென்னை மாணவிக்கு வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் முகம் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள், பேசத் தெரிந்தவர் யாருமில்லை. பயிற்சித் தாள்கள் தனியாகப் போடப்பட்டு, பாதியில் நின்று, அடுத்த தாள் வந்ததும் அடியில் போயின.

வாரக் கடைசிப் பயணம் இந்த நிலையில்தான் வந்தது. புதிய மாணவர்களுக்கான வரவேற்பு வாரத்தில் உருவான வாட்ஸாப் குழுவில், டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை மாலை சால்ஸ்பர்க் போய் ஞாயிறு இரவு திரும்பலாம் என்று ஒருவர் எழுத, ஐந்து பேர் கை தூக்கினார்கள்: சென்னை மாணவி, கேரளத்திலிருந்து வந்த மாணவர், துருக்கி மாணவி, கொலம்பியா மாணவர், கீழ்ப் பவேரியக் கிராமத்தைச் சேர்ந்த ஜெர்மானிய மாணவர். அதில் நால்வர் ஒரே வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் பதிந்தவர்கள் என்பது புறப்படும்வரை யாருக்கும் தெரியாது.

பயணச்சீட்டு ஒரு பிரச்சினையே இல்லை. 2023 மே 1ஆம் தேதி ஜெர்மனி முழுவதற்குமான மாதச்சீட்டு 49 யூரோவுக்கு அறிமுகமானது. பவேரிய மாநிலம் தன் மாணவர்களுக்கு அதை 29 யூரோவுக்குத் தந்தது. அதிவேக ரயில்களில் அது செல்லாது. வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஆஸ்திரிய எல்லைக்கு அப்பால் இருக்கும் சால்ஸ்பர்க் நிலையம்வரைகூட அதே சீட்டில் போகலாம். மாணவர்களை ஊர் சுற்ற வைத்ததில் அந்தச் சீட்டுக்கு நிகராக எதுவும் இல்லை. மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சால்ஸ்பர்க். கோட்டை, மோட்ஸார்ட் பிறந்த வீடு, பேராலயச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை என்று திட்டம். விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. எல்லையில் போலீஸ் சோதனை இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் பையில் இருந்தன. மாணவி ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து பெரிய டப்பாவில் எடுத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் பனி அடர்த்தியாக விழுந்துகொண்டிருந்தது. பவேரியாவில் டிசம்பரில் பனி விழுவது செய்தியாகாது என்பதால் யாரும் பயணத்தைத் தள்ளிவைக்க நினைக்கவில்லை. குழப்பம் நிலையத்திலேயே தொடங்கியது. ரயில் தாமதம் என்று பலகை காட்டியது. பிறகு நடைமேடை மாறியது. மாறிய செய்தி ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு தரம் ஒலித்தது. பெட்டிகள் பாதிதான் வந்தன. கூட்டம் முண்டியடித்ததில் ஐவரும் நான்கு வாசல்களில் சிதறினார்கள். துருக்கி மாணவி எதிர் நடைமேடையில் நின்ற வேறொரு ரயிலில் ஏறிவிட்டார். அது தெற்கே கூஃப்ஸ்டைன் போகும் வண்டி. நல்லவேளையாக இரண்டு தடங்களும் ரோசன்ஹைம் சந்திப்புவரை ஒன்றே. அங்கே இறங்கி நிற்கச் சொல்லித் தொலைபேசியில் தகவல் போனது. அவர் ரோசன்ஹைமில் காத்திருந்து, பின்னால் வந்த சால்ஸ்பர்க் வண்டியில் ஏறிக்கொண்டார். ரோசன்ஹைம் தாண்டியதும் வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. கீம்சே ஏரிக்கரையில் உள்ள பிரீன் என்ற சிற்றூர் நிலையத்தில் நின்றபின் நகரவில்லை. முன்னால் தடத்தில் மரம் விழுந்திருக்கிறது, பின்னாலும் விழுந்திருக்கிறது என்று ஜெர்மானிய மாணவர் கேட்டு வந்து சொன்னார்.

மரங்கள் ஏன் விழுந்தன என்பதற்குக் காரணம் பனியின் அளவு மட்டுமில்லை, அதன் ஈரம். கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடையே இருக்கும், காற்றில் உதிர்ந்துவிடும். வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப் பனி 200 கிலோவைத் தொடக்கூடும். கிளைகளில் அப்பிக்கொண்டு இறங்காது. கிளை முறிந்து மேல்நிலை மின்கம்பியில் விழுந்தால் தடம் முழுவதும் மின்சாரம் போகும். தண்டவாளம் பிரியும் இடங்களில் உள்ள பாயின்ட்டுகளில் பனி இறுகினால், சூடேற்றி இருந்தும் நகராது. அந்த இரவு தெற்குப் பவேரியா முழுவதும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. சனிக்கிழமை காலை மியூனிக்கில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் பனி கிடந்தது. 1933இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அந்த நகரின் டிசம்பர் மாதங்களில் அதுவே உச்சம் என்று வானிலையாளர்கள் அறிவித்தார்கள். விமான நிலையம் மூடப்பட்டது. மியூனிக் மத்திய நிலையத்துக்குள் ரயில்கள் வரவும் போகவும் முடியவில்லை. பயணிகள் பலர் நின்ற ரயில்களிலேயே இரவைக் கழித்தார்கள். பயர்ன் மியூனிக் அணி யூனியன் பெர்லினுடன் ஆடவிருந்த கால்பந்தாட்டமும் கைவிடப்பட்டது.

பிரீனில் நின்ற வண்டியில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் நள்ளிரவுவரை இருந்தன. பிறகு ஊர்த் தீயணைப்புப் படையினர் தேநீர்க் குடுவைகளோடும் போர்வைகளோடும் வந்தார்கள். பவேரியாவின் சிற்றூர்களில் தீயணைப்புப் படை என்பது தன்னார்வலர்களின் படை. பகலில் தச்சராகவும் கடைக்காரராகவும் இருப்பவர்கள் அழைப்பு வந்ததும் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜெர்மனி முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படிச் சம்பளமில்லாமல் இந்தப் பணியில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்வி பற்றிய வழிகாட்டி நூல்கள் எதிலும் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லாதது பெரும் குறை. முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் அழைத்துப் போனார்கள். மாணவர்கள் ஐவரும் காலைவரை பெட்டியிலேயே இருந்தார்கள். புளிச்சோற்று டப்பா அந்த இரவில் எதிர் இருக்கைவரை போய் வந்தது. கொலம்பியா மாணவர் காரத்தைப் பொருட்படுத்தவில்லை. கேரள மாணவர் சென்னை மாணவியைச் சேச்சி என்று அழைக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

சனிக்கிழமை ரயில் இல்லை என்பது உறுதியானதும் ஊரில் ஒரு சிறு விடுதியில் இரண்டு அறைகள் பிடித்தார்கள். சால்ஸ்பர்க் விடுதிக்குக் கட்டிய பணம் திரும்பாது. அவசரமாகச் செய்யவேண்டிய காரியம் ஒன்றிருந்தது: பவேரியாவில் கடைகள் மாலை எட்டு மணிக்கு மூடும், ஞாயிறன்று திறக்கவே திறக்காது. ரொட்டி, பாலாடைக்கட்டி, வாழைப்பழம், நூடுல்ஸ், தடித்த காலுறைகள் என்று இரண்டு நாளுக்கானதை வாங்கிக்கொண்டு, முழங்கால்வரை புதையும் பனியில் ஏரிக்கரைக்குப் போனார்கள். கீம்சே சுமார் 80 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. பவேரியக் கடல் என்றே அதை அழைப்பார்கள். அதன் பெரிய தீவில் இரண்டாம் லுட்விக் 1878இல் வெர்சாய் அரண்மனையை மாதிரியாகக் கொண்டு ஒரு மாளிகையைத் தொடங்கினார். 1886இல் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அதே தீவின் பழைய மடத்துக் கட்டடத்தில்தான் 1948 ஆகஸ்டில் வல்லுநர்கள் கூடி, மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்துக்கான வரைவைத் தயாரித்தார்கள். அன்று கரையிலிருந்து தீவு கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் சொன்னவர் ஜெர்மானிய மாணவர். பள்ளியில் படித்ததை அவர் ஆர்வமாக விவரித்தபோது, ஏழு வாரம் ஒரே அரங்கில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் அவர் என்பதைச் சென்னை மாணவி முதல்முறையாகக் கவனித்தார்.

மாலையில் விடுதியின் சாப்பாட்டு மேசையில் வெப்பப் பரிமாற்றப் பாடத்தின் பயிற்சித் தாள் வெளியே வந்தது. அதைத் தூக்கி வைத்துவிட்டு அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது சன்னலுக்கு வெளியே தெரிந்த கூரை. நாற்பது சென்டிமீட்டர் பனி, கன மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்தால் ஒரு சதுர மீட்டர் கூரையில் 60 கிலோ. பனிக்கட்டி ஒரு கிலோ உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 மெகாஜூல், அதாவது ஐந்தரை யூனிட் மின்சாரம். நூறு சதுர மீட்டர் கூரைக்கு 550 யூனிட். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஏசி போடாமல் இரண்டு மாதம் ஓட்டிவிடும் அளவு. கூரைப் பனியைச் சூடேற்றி உருக்காமல் மண்வாரியால் தள்ளுவது ஏன் என்பது உடனே விளங்கியது. அடுத்து, பனி தானே நல்ல வெப்பத்தடையாக இருக்கும்போது உள்ளிருந்து வரும் வெப்பம் எங்கே போகிறது என்று துருக்கி மாணவி கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் பயிற்சித் தாளின் கடினமான பகுதி, பல அடுக்குச் சுவர் வழியே வெப்பம் கடத்தப்படும் கணக்கு, தானாகவே அவிழ்ந்தது. ஓடு, மரம், பஞ்சு, பனி என்று அடுக்குகளுக்குப் பெயர் கிடைத்ததும் சமன்பாட்டில் பயம் போய்விட்டது. ஜெர்மானிய மாணவர் படம் வரைந்தார், கேரள மாணவர் கணக்குப் போட்டார், சென்னை மாணவி ஒவ்வொரு அனுமானத்தையும் கேள்வி கேட்டார். அந்தப் பாடத்தில் இல்லாத கொலம்பியா மாணவருக்குப் புரியும்படி விளக்கவேண்டி வந்ததுதான் மற்ற நால்வருக்கும் பெரிய உதவியாக அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே மேசை, அடுத்த தாள்கள். திங்களன்று சில தடங்கள் திறந்தன. பாதி தூரம் ரயில், கொஞ்ச தூரம் பேருந்து, மறுபடி நெரிசலான ரயில் என்று மாறி மாறி இருட்டும் நேரத்தில் மியூனிக் வந்து சேர்ந்தார்கள். கடும் வானிலையால் ஏற்படும் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது என்பது 2023 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த பயணி உரிமை விதி. எனவே அந்த வழியிலும் பணம் திரும்பவில்லை. தவறிய திங்கட்கிழமை விரிவுரையின் ஒளிப்பதிவு இணையத்தில் கிடைத்தது. செவ்வாயன்று உறைமழை பெய்து விமான நிலையம் மறுபடி சில மணி நேரம் நின்றது; வியாழன் இரவு ரயில் ஓட்டுநர் சங்கத்தின் ஒருநாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த வாரம் மியூனிக்கில் யாரும் குறித்த நேரத்தில் எங்கும் போய்ச் சேரவில்லை.

பிரீனில் கூடிய மேசை கார்ஷிங்கில் தொடர்ந்தது. வளாக நூலகத்தில் பேசிப் படிப்பதற்கென்று உள்ள சிறு அறை ஒன்றை வாரம் இருமுறை பதிவுசெய்துகொண்டார்கள். விரிவுரைக்கு முன்பே தாளைப் போட்டுவருவது, போட முடியாத இடத்தை மட்டும் எடுத்துப் பேசுவது, ஒருவர் விளக்க மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பது என்று நாளடைவில் ஒரு முறை உருவானது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெர்மானிய மாணவரின் பெற்றோர் மற்ற நால்வரையும் தங்கள் ஊருக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஜனவரி நடுவில் தேர்வுக்குப் பெயர் பதியும் கெடு வந்தது. அதைத் தவறவிட்டால் வகுப்பில் எத்தனை நாள் இருந்தும் தேர்வெழுத இயலாது. இதையும் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். குழுவில் ஒருவர் நினைவூட்டினார்.

பிப்ரவரித் தேர்வுக்கு ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இருக்கைகளைக் காலியாக விட்டு அமரவைத்தார்கள். அடையாள அட்டையை மேசைமேல் வைக்கவேண்டும். கையால் எழுதிய சூத்திரத் தாள் ஒன்றைக் கொண்டுபோக அனுமதி இருந்தது. அதைத் தயாரித்ததே பாதிப் படிப்பு. நான்காம் கேள்வி பல அடுக்குச் சுவரைப் பற்றியது. ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், எண் ஏற ஏறத் தரம் இறங்கும், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. முடிவுகள் வந்தபின் திருத்திய விடைத்தாளை நேரில் பார்ப்பதற்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். எங்கே மதிப்பெண் குறைந்தது என்று பார்க்கலாம், தவறாகத் திருத்தியிருந்தால் கேட்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கைக்கொள்ளவேண்டிய ஏற்பாடு இது: மறுகூட்டலுக்குப் பணம் கட்டிக் காத்திருக்காமல், ஒவ்வொரு மாணவரும் தன் விடைத்தாளைத் தன் கண்ணால் பார்த்துத் தெளிவதில் இருக்கும் நேர்மை மிகப் பெரியது. சென்னை மாணவி தன் தாளைப் பார்த்தார். சுவர்க் கணக்குக்கு முழு மதிப்பெண் இருந்தது.

மார்ச்சில் அறையைச் சுத்தம்செய்து ஒப்படைத்து, நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கி, பல்கலைக்கழகப் பதிவிலிருந்தும் விலகினால் பரிமாற்றப் பருவம் சட்டப்படி முடிகிறது. மதிப்பெண் பட்டியல் நேரடியாகச் சொந்தக் கல்வி நிறுவனத்துக்குப் போகும். வெப்பப் பரிமாற்றப் பாடத்தின் ஐந்து புள்ளிகள் சென்னையில் அதற்கு இணையான பாடத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஐவரும் சால்ஸ்பர்க் போனது மார்ச் முதல் வாரத்தில். ரயில் அன்று குறித்த நேரத்தில் ஓடியது.